செம்புப் பெயிண்டா, டிரெய்லரா?

தொண்டிக் கடலில் பாய் விரிக்கிற எங்கள் சின்ன கிளப்புக்கு ஆறு பைபர் படகு. பழுது பார்க்கும் இடம் தேவகோட்டைக்கு வெளியே, ஓடாமல் நின்றுபோன ஒரு ரைஸ் மில்லின் நெல் காயப்போடும் சிமென்ட் களம்.

படகின் அடியில் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடலுயிர்) பாசியும் அண்டாமல் இருக்க இரண்டு வழி. செம்பு கலந்த பெயிண்ட் அடித்துக் கடலிலேயே கட்டிப்போடலாம். அல்லது ஓட்டி முடித்ததும் டிரெய்லரில் ஏற்றிவந்து நல்ல தண்ணீரில் கழுவி வைக்கலாம். முதல் இரண்டு வருஷம் செம்பு, அப்புறம் டிரெய்லர். இப்போது நான் டிரெய்லர் கட்சி.

செம்பின் சுகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: போனோம், கயிற்றை அவிழ்த்தோம், கிளம்பினோம். தகரச் சேர்மம் கலந்த பழைய பெயிண்டுகளுக்கு 2008-ல் சர்வதேசத் தடை வந்தபிறகு பெரும்பாலோர் நம்பியிருப்பதும் இதைத்தான். ஒன்று மட்டும் கவனம், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின், தண்ணீருக்குள் இறங்கும் அலுமினியக் காலில் இதை அடிக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிற காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வினை இருப்பது அடிப்பதில் இல்லை, மறுபடி அடிக்குமுன் பழையதைச் சுரண்டுவதில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கரை முழுக்கப் படகுகளுக்குப் பெயிண்ட் வேலை நடக்கும், நாங்களும் அப்போதுதான் இறங்குவோம். முதல் வருஷம் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷின் போட்டுத் தேய்த்தோம். டீ கிளாஸ் விளிம்பில்கூடச் சிவப்புத் தூள். அடுத்த வருஷம் புத்திசாலித்தனமாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். தூசி அடங்கியது; ஆனால் சிவப்புத் தண்ணீர் களத்தின் சரிவில் இறங்கி மூலையிலிருந்த வாய்க்காலுக்குள் போனது. பக்கத்து வீட்டு ஆச்சி சுவரோரம் வந்து நின்றார்.

"ஏன் தம்பி, இந்த வாய்க்கா எங்க போகுதுன்னு பாத்தீகளா? ஊருணிக்குல்ல போகுது!"

குடிதண்ணீர் ஊருணியில் கால்கூட நனைக்கவிடாத ஊர். அன்றைக்கே மெஷினை நிறுத்தினோம். கொட்டலசைக் கொல்லத்தான் அந்தச் செம்பு. ஊருணியில் நத்தை, தலைப்பிரட்டை என்று ஆள் பார்க்காது. மட்கியும் போகாது, வண்டலில் அப்படியே கிடக்கும்.

முறையாகச் செய்ய வழி உண்டு. கனமான தார்ப்பாய், சுற்றிலும் வரப்பு, ஈரத் தேய்ப்பு, வடிகட்டி மாட்டிய கேட்ரிட்ஜ் மாஸ்க். கசடைத் தெளியவைத்து டிரம்மில் மூடி, 2016-ன் அபாயக் கழிவு விதிப்படி 90 நாளுக்குள் உரிமம் உள்ளவர்களிடம் சேர்க்க வேண்டும். ஆறு படகுக்கு, தடவைக்குத் தடவை. பெயிண்ட் டப்பாவில் போட்டிருக்கும் விலையில் இந்தக் கணக்கு வராது. கடலிலும் அந்தச் செம்பு கரைந்துகொண்டேதான் இருக்கும். தொண்டிக்கு வடக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக 2022-ல் அரசு அறிவித்தது, அங்கே இருக்கும் கடற்புல்லை நம்பித்தான்.

டிரெய்லரும் யோக்கியமில்லை. உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறும் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க மறந்தால் நடுரோட்டில் சக்கரம் இறுகும், எங்களுக்கு இறுகியது. அதைவிடப் பயம் இபி லைன். அலுமினியப் பாய்மரத்தை நிறுத்தியபடி படகை நகர்த்தினால் ஆளே போய்விடும். கரையிலேயே மரத்தைச் சாய்த்துக் கட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது எங்கள் கிளப்பில் யாருக்கும் விலக்கில்லாத சட்டம்.

நான் சொல்வதெல்லாம் நாலு பேர் சேர்ந்து தள்ளக்கூடிய படகுக்கு. அடியில் ஏரா (கீல்) வைத்த கனத்த படகு எதையும் நான் பராமரித்ததில்லை. அப்படிப் படகு வைத்திருப்பவர்களுக்குச் செம்பை விட்டால் வேறு வழி இல்லாமல் இருக்கலாம். எங்களில் ஒருவர் செம்பு கலக்காத வெறும் எப்பாக்ஸிப் பூச்சு அடித்துக் கடலிலேயே விட்டு, வாரம் ஒருமுறை முங்கித் துடைக்கிறார். ஒரு சீசன்தான் ஆகிறது. இதுவரை சுத்தமாகத்தான் இருக்கிறது.

டிரெய்லர் எடுப்பதானால் கால்வனைஸ் செய்ததாகப் பார்த்து எடுங்கள். காசு மிச்சம் என்று பெயிண்ட் அடித்த இரும்பில் செய்யச் சொன்னோம். இரண்டாம் வருஷமே வெல்டிங் எல்லாம் துரு.