மேனேஜரே இல்லாத கம்பெனில ரெண்டு வருஷம்

பெருங்குடில ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி, நாப்பது பேரு, பேரு வேணாம். யாருக்கும் டெசிக்னேஷன் கிடையாது, எந்த வேலைய எடுக்கணும்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம். வால்வ் கேம் கம்பெனியோட ஊழியர் கையேடு 2012ல வெளிய வந்துச்சுல்ல, மேசைக்கு சக்கரம் இருக்கும், எந்த டீமுக்கு வேணுமோ தள்ளிட்டு போய்க்கலாம்னு, அதப் பாத்துதான் எங்க ஃபவுண்டரும் ஆரம்பிச்சாரு.

மொத ஆறு மாசம் சொர்க்கம். லீவுக்கு யார்கிட்டயும் போய் நிக்க வேணாம், பில்லிங் மாட்யூல நானே எழுதி நானே கஸ்டமர்கிட்ட பேசி நானே ரிலீஸ் பண்ணேன், அந்த தைரியம் வேற எங்கயும் வந்திருக்காது.

வேலைய மதிப்பிட்டு சம்பளம் ஏத்தற அப்ரைசல் வந்தப்பதான் உறைச்சுது. பாஸ் இல்லன்னு பேரு, ஆனா ஃபவுண்டரோட காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு டீக்கடைல பேசி முடிக்கறதுதான் கடைசில நடக்கும், யார்கிட்ட போய் கேக்கறதுன்னே தெரியாது. வால்வ்லயும் கண்ணுக்கு தெரியாத ஒரு அதிகார அடுக்கு இருந்துச்சுன்னு அங்க வேல பாத்த ஒருத்தங்க 2013ல சொன்னாங்க, அப்படியே எங்க கத.

ஃப்ரெஷருக்கு வேணாம்ப்பா, சொல்லிக்குடுக்க ஆள் இருக்காது. அஞ்சாறு வருஷ அனுபவம் இருந்தா தாராளமா போங்க, ஆனா சம்பளத்த யாரு முடிவு பண்றாங்கன்னு இன்டர்வியூலயே கேட்டுடுங்க. கம்பெனிக்கு என் மார்க் 5க்கு 3.