வேலூர் முட்டை: கூண்டா, கொல்லையா?

குடியாத்தம் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சித்தப்பா கேட்டார்: "நாமக்கல்காரர்களைப் போலக் கூண்டுப் பண்ணை போடட்டுமா, நாட்டுக்கோழியே வளர்க்கட்டுமா?"

கூண்டில் வளரும் வெள்ளைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி 60, 70 இட்டாலே பெரிது. பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டையை மட்டும் எண்ணினால் பேச்சுக்கே இடமில்லை.

தீவனத்தை எண்ணிப் பாருங்கள். கூண்டுக்கோழி நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும். 10,000 கோழிக்குத் தினமும் 1,100 கிலோ. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் என்ன விலை விற்றாலும் ஒரு வேளைகூட நிறுத்த முடியாது. நாமக்கல்லில் தீவன ஆலை, லாரி, கால்நடை மருத்துவக் கல்லூரி எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் தாங்குகிறார்கள். விலையும் அவர்கள் பக்கமே: 1982இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல்லுக்கு அறிவிக்கும் விலையை ஒட்டித்தான் நம்மூர்க் கடையிலும் விற்பனை. தனி ஆளாக அந்த விலையோடு மல்லுக்கட்ட முடியாது.

வெயில் வேறு. சித்திரை, வைகாசியில் கோழி அலகைத் திறந்து மூச்சிரைக்கும், தீனி எடுக்காது. முட்டை ஓடு மெலிந்து, அட்டையில் அடுக்கும்போதே விரல் பட்டு விரியும்.

நாட்டுக்கோழிக்கு எமன் வெள்ளைக் கழிச்சல் நோய். வந்தால் சில நாளில் கூடையே காலி. ஆனால் அதற்கான தடுப்பு மருந்து நம் மண்ணிலேயே, ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. ஏழாம் நாள் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அது இமைத்து உள்வாங்கும்வரை கையை எடுக்கக் கூடாது. எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. இவ்வளவுதான். மருந்து இத்தனை அருகில் இருந்தும் அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்களில் பக்கத்து வீட்டுக் கோழி செத்த பிறகு மருந்தகத்துக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நாட்டு முட்டை, கூண்டு முட்டையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விலை போகிறது. வருமானம் முட்டையோடு நிற்பதில்லை. குஞ்சுக்கும் சேவலுக்கும் வீடு தேடி வந்து வாங்குகிறார்கள். பெரிய முதலும் நாலு பேர் கூட்டும் இருந்தால் கூண்டு போடலாம். சித்தப்பாவிடம் இரண்டும் இல்லை. "கொல்லையே போதும், சித்தப்பா" என்றேன்.

முப்பது பெட்டை, மூன்று சேவலோடு தொடங்கியிருக்கிறார். கீரிக்கு வலை கட்டியாயிற்று. முதல் அடைக்குஞ்சுகளுக்கு வியாழக்கிழமை கண் சொட்டு. குஞ்சைப் பிடிக்க நானும் போகிறேன்.