மண்ணிறப் பம்மோடு 12 வருடம்

எனக்கு 9 வயதில் தொய்வு, அதாவது ஆஸ்துமா பிடித்தது. இப்போது 42. இதில் கடைசி 12 வருடத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் அதற்கு முந்திய காலத்தைக் கொஞ்சம் சொல்லாவிட்டால் வித்தியாசம் விளங்காது.

எங்கள் வீட்டில் தொய்வுக்கு மருந்து என்றால் சல்பியூட்டமோல் குளிசை. போட்டால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேனா பிடிக்க வராது. குளிசைக்கும் அடங்காவிட்டால் இரவோடு இரவாக ஓட்டோ பிடித்துப் போய் நெபுலைஸ் பண்ணிக்கொண்டு, அதாவது மருந்தைப் பனிபோல மாஸ்க்கால் இழுத்துக்கொண்டு வருவோம். மாஸ்க்கைக் கழற்றும்போது மூச்சு நன்றாக வரும். இரண்டு கிழமையில் திரும்பவும் அதே கதை. வெயிலில் ஓடாதே, பின்னேரம் தலைக்கு முழுகாதே, தயிர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம் என்று ஒரு பெரிய பட்டியல் இருந்தது. வாயில் வைத்து மருந்தை இழுக்கும் பம்மை (இன்ஹேலர்) மட்டும் பாவிக்க விடவில்லை. "பம் பழகினால் பிறகு சாகும்வரைக்கும் விடேலாது பிள்ளை" என்பது அம்மாவின் பயம். கலியாணம் பேசத் தொடங்கிய பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்கானது. எனக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்த நீலப் பம்மை அம்மா சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தா. பெண் பார்க்க வந்தவர்கள் இருந்த ஒன்றரை மணித்தியாலமும் நான் வாயைத் திறக்காமல் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு இருந்தேன். அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. அவவுக்கு யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

2013 இல் ஒரே மாதத்தில் மூன்று இரவு நெபுலைஸ் பண்ண வேண்டி வந்தது. அதன் பிறகுதான் நெஞ்சு நோய் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அந்த டொக்டரின் தமிழும் என் சிங்களமும் சேர்ந்தும் போதாத இடத்தில் அவர் மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் படம் கீறினார். இரண்டு குழாய். ஒன்று சாதாரணக் குழாய். மற்றதன் உள்சுவர் வீங்கி, சளி கட்டி, சுற்றியிருக்கும் தசையும் இறுகி இருந்தது. நீலப் பம் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடத்திலேயே வேலை செய்யும், நாலைந்து மணித்தியாலம் தாங்கும். ஆனால் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும் நாட்களிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கிறது. அதைக் குறைப்பது மண்ணிறப் பம், அதாவது பெக்லோமெத்தசோன். ஸ்டிரொயிட் என்றதும் எனக்குப் பயம் வந்தது. குளிசையில் ஸ்டிரொயிட்டை மில்லிகிராமில் கொடுக்கிறார்கள், ஒரு பஃப்பில், அதாவது பம்மை ஒருமுறை அமத்தினால் வருவதில், இருப்பது மைக்ரோகிராம், அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது என்று அவர் இலக்கத்தில் எழுதிக் காட்டினார். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம்.

காலையில் இரண்டு, இரவில் இரண்டு. முதல் பத்து நாளும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். இழுத்தவுடன் சுகம் தரும் நீலத்தை நம்புகிறோம், ஒன்றும் செய்யாததுபோல இருக்கும் மண்ணிறத்தைச் சந்தேகிக்கிறோம். நானும் விடத்தான் இருந்தேன், அடுத்த கிளினிக்கில் ஏச்சு விழும் என்ற பயத்தில் தொடர்ந்தேன். மூன்றாவது கிழமை ஒருநாள், வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய சாமான்களோடு மூன்றாம் மாடிக்கு ஏறி, கதவடியில் நின்று பக்கத்து வீட்டு மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். கதை பாதி போனபிறகுதான் கவனித்தேன், நான் நடுவில் நிற்பாட்டி மூச்சு வாங்கவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

பாவிக்கும் முறையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதல் ஒரு வருடம் நான் பிழையாகத்தான் இழுத்தேன். நேரே வாய்க்குள் அமத்தினால் மருந்தில் பெரும்பங்கு நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிவிடும். எனக்குக் குரல் கட்டியது, நாக்கில் வெள்ளை படிந்தது. அது ஒருவகைப் பங்கசு. கிளினிக்கில் ஒரு தாதி, பம்முக்கும் வாய்க்கும் இடையில் பூட்டும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூட்டைக் கையில் தந்து, தனக்கு முன்னால் இழுத்துக் காட்டச் சொன்னா. பம்மை நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரின் வாயை உதட்டால் இறுக்கமாக மூடி, ஒருமுறை மட்டும் அமத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். அரை நிமிடம் விட்டு அடுத்தது. பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நான் பம்மைப் பற்தூரிகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அதனால் கொப்பளிப்பது மறப்பதில்லை. ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம், துணியால் துடைக்கக்கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தானாகக் காயவிட வேண்டும். கடலுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முழு இரவு வேண்டும்.

இடையில் சில மாதம் கப்சூல் கூட்டை உடைத்துத் தூளை இழுக்கும் வகையும் பாவித்தேன். பையில் வைக்க வசதி. ஆனால் பலமாக இழுத்தால்தான் தூள் உள்ளே போகும், மூச்சே வராத நேரத்தில் பலத்துக்கு எங்கே போவது? கொழும்பு ஈரப்பதனில் கூடுகளும் மெத்தென்றாகின. எனக்கு அது ஒத்துவரவில்லை, வேறு ஆட்களுக்கு ஒத்துவரலாம்.

கொழும்பில் தொய்வோடு வாழ்வது என்றால் எந்தத் தெருவால் போவது என்று முதலில் யோசிப்பது. எனக்கு வேலை புறக்கோட்டையில். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தால் கோட்டைக்குப் போவதற்குள் நெஞ்சு இறுகத் தொடங்கும். அதனால் கரையோர ரயிலில் போகிறேன், கடல் பக்கம் நின்றால் காற்று நன்றாக இருக்கும். நான்காம் குறுக்குத்தெருவில் செத்தல் மிளகாய் மூட்டை இறக்கும் நேரத்தில் அந்தப் பக்கமே போவதில்லை. மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பூசுகிறோம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விட மனமில்லை, அம்மா அதை இப்போது பல்கனியில் காட்டுகிறா. நுளம்புத்திரி வீட்டில் இல்லை, வலை கட்டுகிறோம். டெங்குக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று கீழே சத்தம் கேட்டால் ஜன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவேன்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஐ நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. மார்ச் மாதக் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய நெபுலைசர் மேசையில் சும்மா கிடந்தது. கேஸ் இல்லாமல் எங்கள் மாடிக் கட்டடத்தில் பாதி வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு, சிலர் படிக்கட்டுக்குக் கீழே விறகும் எரித்தார்கள். யாரைப் போய் வேண்டாம் என்பது? மண்ணிறப் பம்முக்காக ஒரே நாளில் ஆறு பார்மசி ஏறி இறங்கினேன். அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியது ஸ்பேசர்தான். முட்டு, அதாவது மூச்சுத் திணறல் வந்தால் நீலத்தை ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாக, பத்து வரைக்கும் எடுக்கலாம், சரியாகப் பாவித்தால் நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்று டொக்டர் எழுதித் தந்திருந்தார். பத்துக்கும் அடங்காவிட்டால் காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். அந்தத் தாள் இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

அதே வருடம் டிசம்பரில் கொழும்பு வானம் சாம்பல் பூத்துப் போனது. வங்காள விரிகுடாவில் புயல் நின்ற நாட்கள் அவை, காற்று மோசமென்று 9 ஆம் திகதி பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள். எனக்கு முட்டு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முதல் நாள் காலையிலேயே, ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீற்றர் 290 காட்டியது. ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய், எழுந்து நின்று மூன்று முறை பலமாக ஊதி, கூடியதை எழுத வேண்டும். என்னுடைய நல்ல நாளின் அளவு 410. அதில் எண்பது வீதம், அதாவது 330 அளவுக்குக் கீழே இறங்கினால் கவனம், பாதிக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. நெஞ்சு சொல்வதற்கு முதலே அந்தக் குழாய் சொல்லிவிட்டது. அன்று ஜன்னலைச் சாத்தி, டொக்டரோடு கதைத்து, அவர் சொன்னபடி மருந்தைக் கூட்டிச் சமாளித்தேன்.

2019 இலிருந்து, தொய்வுக்கான உலக அளவிலான கீனா (GINA) வழிகாட்டி, பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்கிறது. வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு மருந்தும் இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த பம்மும் இப்போது எழுதுகிறார்கள். உங்களுக்கு எது என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கையில் நீலம் மட்டும் இருக்கிறவர்கள், அடுத்த முறை போகும்போது வாயைத் திறந்து கேளுங்கள்.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்பேசர் பாவித்தும் என் குரலில் ஒரு கரகரப்பு தங்கிவிட்டது. முன்பு கோயிலில் உச்சத்தில் பாடிய தேவாரத்தை இப்போது இரண்டு கட்டை இறக்கித்தான் பாடுகிறேன். அது எனக்குப் பெரிய கவலைதான்.

மற்றது, எனக்குத் தரும் பம்மில் மிச்சத்தைக் காட்டும் எண் இல்லை. குலுக்கிப் பார்ப்பதும் தண்ணீரில் மிதக்கவிடுவதும் பிழை, மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே மருந்தைத் தள்ளும் வாயு மிஞ்சியிருக்கும், அமத்தினால் வரும். ஒரு பம்மில் 200 பஃப், நாளைக்கு நாலு என்றால் 50 நாள். தொடங்கும் திகதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிடுவேன். இப்போது தட்டில் இருப்பதற்கு இன்னும் 9 நாள். செவ்வாய்க்கிழமை கிளினிக்.