துணிப்பையா, பிளாஸ்டிக் டப்பாவா? ஊட்டியிலிருந்து பல்லியை இறக்கும்போது

சிறுத்தைப் பல்லி, அதாவது லெபர்டு கெக்கோ வளர்ப்பவர்கள் அதைக் கோவைக்கு அனுப்பும்போது இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

துணிப்பை மலிவு. பருத்தியாக இருந்தால் காற்று தாராளமாகப் போய்வரும். இருட்டு பல்லியை அமைதிப்படுத்தும். ஆனால் பை நசுங்கும். மேலே ஒரு பெட்டி சரிந்தால் கதை முடிந்தது. எனவே, பையை மட்டும் தனியாக நம்பமாட்டேன்.

காற்றுத்துளையிட்ட டப்பா நசுங்காது. துளைகளை உள்ளிருந்து வெளியே குத்துங்கள், இல்லாவிட்டால் பிசிறு தோலைக் கீறும். குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பல்லி உருளாமல் இருக்க, கசக்கிய டிஷ்யூ பேப்பரை நிரப்புங்கள். தண்ணீர்க் கிண்ணம் வேண்டவே வேண்டாம். கிளம்ப 2 நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். மிரண்டால் வால் உதிர்ந்துவிடும், அதனால் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

வெப்பம்தான் பெரிய தலைவலி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர் விடியல் பல்லை நடுக்கும். மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றியாக வேண்டும். ஊட்டிக் குளிருக்குப் போட்ட சூடுபொதி (வெப்பம் தரும் ஹீட் பேக்) அங்கே பல்லியை வேகவைக்கும். தெர்மகோல் பெட்டிக்குள் டப்பா, பொதி போடாமல் மதியப் பயணம்: என் ஓட்டு இதற்கே. பச்சை இகுவானா என்ற பெரிய வெளிநாட்டுப் பல்லி என்றால் பெரிய பருத்திப்பை, அதைக் கெட்டிப் பெட்டிக்குள் வையுங்கள்; அது சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவும் தேவை. உடும்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டம் பாயும்.