மாத்திரையா, வேனா, அரசு மருத்துவமனையா?

காலையில் டீ டம்ளரைத் தூக்கினால் பாதி டீ அண்ணனின் லுங்கியில் கொட்டும். கை அப்படி நடுங்கியது. அவர் குடியை நிறுத்துவதை இனியும் தள்ளிப்போட முடியாது என்று வீட்டில் உட்கார்ந்து பேசினோம். ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

"அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்துடலாம்" என்றார் அண்ணி. கடையில் யாரோ சொன்ன மாத்திரை, டைசல்ஃபிராம். மதுவை உடல் செரிக்கும்போது இடையில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உருவாகும். அது மேற்கொண்டு உடையாமல் இந்த மருந்து தடுத்துவிடும். அதற்குமேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இப்படி ஆகலாம். மருத்துவர் பரிசோதித்துக் கொடுத்து, விஷயம் தெரிந்து அவரே விழுங்கினால் இது நல்ல மருந்துதான். சாம்பாரில் கலந்தால் விஷம் வைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெயரே இல்லாத பொடிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மாமா சொன்னது வேன். ஒரு போன் போட்டால் நாலு பேர் வந்து குடி மறுவாழ்வு மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் அம்மாவோடு போனில்கூடப் பேச விடவில்லை. திரும்பி வந்தவன் கொஞ்ச நாள் குடிக்கவில்லை. ஆனால் அம்மா பரிமாறினால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவான். அங்கே அடித்தார்கள் என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னான். எல்லா மையமும் இப்படி இல்லை. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துச் சிகிச்சை தருகிறார்கள். எங்கே சேர்ப்பதானாலும், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்த இடமா, டாக்டர் தினமும் வருகிறாரா, நாம் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவைச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. கூட்டம் உண்டு, ஓ.பி. சீட்டுக்கு வரிசை உண்டு, கூடவே ஒருவர் தங்க வேண்டும். ஆனால் பல வருடம் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதை ஒட்டியே மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். உயிர் போகிற கட்டம் இது. தயமின் என்ற வைட்டமின் ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் கைவசம் இருக்கும் இடத்தில்தான் அந்த நாட்களைக் கடக்க வேண்டும். பூட்டிய அறையில் கடக்கக் கூடாது. அண்ணன் போதையில் இல்லாத ஒரு காலை நேரத்தில் பேசினோம். இரண்டு முறை மறுத்தார், மூன்றாவது முறை "சரி, வர்றேன்" என்றார்.

இதில் குறை, பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம்தான் கஷ்டமே. அங்கே கைகொடுத்தது ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இடம். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது, கட்டணம் கிடையாது. குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியாக இருக்கிறது. அண்ணி அங்கே போக ஆரம்பித்த பிறகுதான், அண்ணனின் கடனை அடைப்பதையும், அவர் வேலைக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று சொல்வதையும் நிறுத்தினார். எதுவும் புரியாதவர்கள் போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

எந்த வழியையும் நான் ஒரு கேள்வி கேட்டுத்தான் எடைபோடுவேன்: மறுபடி சறுக்கினால் அவரே அங்கே திரும்பிப் போவாரா? எட்டாவது மாதம், தீபாவளிக்கு மறுநாள் அண்ணன் குடித்துவிட்டார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பீரோவில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். பழைய ஓ.பி. சீட்டு.