ஹவானாவில் சல்சா ஆடப் போகிறவர்களுக்கு: வாசலுக்கு நீங்களே போங்கள்

‘இன்றைக்கு ஒரு நாள்தான் விழா’ என்று ஹவானாத் தெருவில் யாராவது சொன்னால், அங்கே விழா எதுவும் இல்லை என்று உறுதியாக நம்பலாம்.

ஒபிஸ்போ தெருவிலோ, பிராதோ நடைபாதையிலோ, கப்பிட்டோலியோ எதிரிலோ நடந்துகொண்டிருப்பீர்கள். நன்றாக உடுத்திய ஓர் ஆணும் பெண்ணும் பக்கத்தில் வந்து மணி கேட்பார்கள், அல்லது எந்த நாடு என்று கேட்பார்கள். இரண்டு நிமிடத்தில் பேச்சு சல்சாவுக்கு வந்துவிடும். ‘உங்களுக்கு அதிர்ஷ்டம்! இன்றைக்குத்தான் புவேனா விஸ்தா சோசியல் கிளப்பின் ஆண்டு விழா. பழைய இசைக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். பக்கத்தில்தான், நுழைவு இலவசம்.’ வெளிநாட்டவர் எவருக்கும் தெரிந்த பெயர் அது என்பதால்தான் அதையே சொல்கிறார்கள். அந்தப் பெயரில் வந்த புகழ்பெற்ற இசைத்தட்டு 1996இல் ஹவானாவில் பதிவானது. அதில் புகழ்பெற்ற கொம்பாய் செகுந்தோவும் ரூபன் கொன்சாலெசும் 2003இல் காலமானார்கள், இப்ராஹிம் ஃபெரர் 2005இல். அந்தப் பெயருக்குக் காரணமான பழைய கிளப் மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆண்டு விழா மட்டும் தினமும் நடக்கிறது.

கூட்டிப்போகும் இடம் நகரின் சென்ட்ரோ ஹவானா பகுதியில் ஒரு சந்தில் இருக்கும் சின்ன மதுக்கடை. மாலை ஐந்து மணிக்கு ஆளே இருக்காது. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். நீங்கள் கேட்காமலே நான்கு மொஹிட்டோ (ரம் கலந்த பானம்) மேசைக்கு வந்துவிடும், விலைப்பட்டியல் வராது. அந்தப் பெண் உங்களோடு இரண்டு பாட்டுக்கு ஆடுவாள், நன்றாகவே ஆடுவாள். சந்தேகம் கரைவது அங்கேதான். ஆடி முடித்துத் திரும்பினால் அடுத்த சுற்று வந்திருக்கும். நீங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர், மூன்று சுற்று என்றால் பன்னிரண்டு குவளை. பில்லில் ஒவ்வொன்றுக்கும் நல்ல ஹோட்டல் விலையைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். குவளைக்கு இவ்வளவு என்று அழைத்து வந்தவர்களுக்குக் கமிஷன் போகும். அவர்களுடைய குவளையில் ரம் இருந்ததா என்பதே சந்தேகம்.

இதற்கு ஒரு வால் உண்டு. பிரியும் நேரத்தில் ‘பணம் வேண்டாம், வீட்டில் குழந்தைக்குப் பால்பொடி மட்டும் வாங்கித் தந்தால் போதும்’ என்பாள். கடையும் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் தெருமுனை திரும்பியதும் பொட்டலம் அலமாரிக்குத் திரும்பிவிடும், காசை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ளும். கியூபாவில் பால்பொடித் தட்டுப்பாடு உண்மைதான். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. உதவ மனமிருந்தால் நீங்கள் தங்கும் வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

தப்பிக்க வேண்டிய இடம் முதல் குவளைதான். ‘லா கார்த்தா, போர் ஃபவோர்’ என்று விலைப்பட்டியல் கேளுங்கள். இல்லை என்றால் குவளையைத் தொடாமல் எழுந்துவிடுங்கள். குடித்துவிட்டீர்கள் என்றால், நீங்கள் குடித்ததை மட்டும் கணக்குப் பார்த்து, எழுதிய பில் கேட்டு, அதற்கு மட்டும் கொடுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. பயணிகளைத் தொந்தரவு செய்பவர்கள் மீது போலீஸ் கடுமையாக இருப்பதால், வாசலில் போய்ப் பேசலாம் என்று நீங்கள் சொன்னாலே பெரும்பாலும் தொகை இறங்கும்.

இதைப் படித்துவிட்டுத் தெருவில் பேசுகிற எல்லோரையும் திருடனாகப் பார்க்க வேண்டாம். ஹவானாவில் யாரும் யாரோடும் பேசுவார்கள். எங்கேயும் கூட்டிப்போகாதவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

அடுத்தது காசு. கியூப பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே ‘$’ குறிதான். பட்டியலில் அந்தக் குறியோடு 800 என்று இருந்தால் அது பெசோ. ஆனால் வெறும் 10 அல்லது 15 என்று இருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ‘பெசோவா, டாலரா, யூரோவா’ என்று உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். பில் வந்த பிறகு எந்த நாணயம் என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்வார். மாற்று விகிதத்திலும் இதே விளையாட்டு நடக்கும். 2021 ஜனவரி 1 அன்று டாலருக்கு 24 பெசோ என்று நிர்ணயித்தார்கள், 2022 ஆகஸ்டில் தனியாருக்கு 120 ஆக்கினார்கள், தெருவிலோ அதைவிடப் பல மடங்கு ஏறிவிட்டது. அன்றைய நிலவரம் தெரியாமல் மேசையில் உட்கார்ந்தால் பெசோ பில்லைக் குறைந்த விகிதத்தில் டாலராக்கி நீட்டுவார்கள், மும்மடங்குக்கும் மேல் கொடுப்பீர்கள். காலையில் வீட்டுக்காரரிடம் ‘இன்றைக்கு எவ்வளவு’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லறையைப் பார்த்து வாங்குங்கள். 2021இல் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நாணயமான மாற்றத்தகு பெசோவின் (CUC) தாள்கள் இன்னும் சில கைகளில் இருக்கின்றன. இருட்டில், ஆட்டத்தின் நடுவில் அவை உங்களிடம் வந்து சேரும். அடையாளம் எளிது: செல்லும் தாளில் தலைவர் ஒருவரின் முகம் இருக்கும், செல்லாத தாளில் நினைவுச்சின்னமோ சிலையோ இருக்கும். சே குவேரா முகம் போட்ட 3 பெசோத் தாளை ‘ஞாபகத்துக்கு’ என்று ஒரு டாலருக்கு விற்பார்கள். 2022இன் 120 பெசோ அரசு விகிதத்திலேயே டாலருக்கு அந்தத் தாள் நாற்பது வாங்க முடிந்தது. அமெரிக்க வங்கிகளின் அட்டைகள் அங்கே வேலை செய்யாது. சின்னத் தாள்களாக, கிழியாத யூரோவோ டாலரோ வைத்திருப்பது நல்லது.

சரி, ஆட எங்கே போவது? இரவுக் கச்சேரிக்குக் காசா தெ லா மூசிகா என்ற இசை அரங்கு. ஏமாறுவதற்கு முதல் வாய்ப்பும் அங்கேயேதான், ஏனென்றால் ஹவானாவில் அந்தப் பெயரில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று மிராமாரில், 20ஆம் தெருவும் 35ஆம் நிழற்சாலையும் சந்திக்கும் முனையில். மற்றது சென்ட்ரோ ஹவானாவில், கலியானோ தெருவில். எது என்று சொல்லாமல் டாக்ஸியில் ஏறினால் ஓட்டுநர் தனக்கு வசதியானதற்குப் போவார். இன்னும் மோசமானது, ‘அது இன்றைக்கு மூடியிருக்கிறது, வேறு நல்ல இடம் காட்டுகிறேன்’ என்ற பேச்சு. மூடியிருந்தாலும் பரவாயில்லை, அங்கேயே இறக்கிவிடுங்கள் என்று சொல்லுங்கள். மிதிவண்டி டாக்ஸியில் ‘ஐந்து’ என்றால் மொத்தமா, தலைக்கா, எந்த நாணயம் என்ற மூன்றையும் ஏறும் முன்பே கேளுங்கள். அதிகாலை மூன்று மணிக்குத் திரும்ப வண்டி தேடினால் சொன்னதுதான் விலை. போகும்போதே திரும்புவதற்கும் பேசிவிடுவதே மேல்.

இந்த இடங்களில் பொதுவாக மாலை ஐந்து மணி வாக்கில் ஒரு பகல் ஆட்டமும், இரவு பதினொன்றுக்குப் பிறகு ஒன்றும் நடக்கும். பகல் ஆட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் குறைவு, உள்ளூர்க்காரர்கள் அதிகம், ஆடவும் இடம் இருக்கும். பயணிகள் அதை விட்டுவிட்டு இரவுக்குக் கூடுகிறார்கள். இரவில் பத்தரைக்கே உள்ளே விடுவார்கள், இசைக்குழு நள்ளிரவு தாண்டித்தான் மேடையேறும். அந்த இரண்டு மணி நேரமும் குடிக்க வைப்பதற்கு. எந்தக் குழு என்று அன்றைய நிகழ்ச்சிப் பலகையைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஹுவான் ஃபோர்மெல் 1969இல் தொடங்கிய லோஸ் வான் வான் போன்ற பெரிய குழு என்றால் கூட்டம் நெரியும், அது கச்சேரி, ஜோடியாக ஆட இடம் கிடைக்காது. மேடைக்கு முன்னே கைபேசியைப் பின்பையில் வைப்பவர் அதை இழப்பார்.

வாசலில் கேட்க வேண்டிய சொல் ‘கொன்சூமோ’. நுழைவுத் தொகையில் குடிப்பதற்கான பணமும் சேர்ந்ததா, தனியா? சில இரவுகளில் சேர்ந்தே இருக்கும். அதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், தொகை வீணாகும். உள்ளே நல்ல மேசையில் உட்கார வைத்துவிட்டு, அந்த மேசைக்கு ஒரு முழு ரம் புட்டி வாங்கியாக வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். சில இடங்களில் அது உண்மையான விதி, சில இடங்களில் பரிமாறுபவரின் சொந்த விதி. எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மது மேடையருகே நின்றுகொள்ளுங்கள். ஆட வந்தவருக்கு மேசை எதற்கு? ஆண்கள் அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், செருப்போடு போனால் திருப்பி அனுப்பப்படலாம்.

கச்சேரிக் கூட்டம் இல்லாமல் ஆட மட்டுமே வேண்டும் என்றால், மலெகோன் கடற்சாலையின் மேற்குக் கோடியில், அல்மெந்தாரெஸ் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய 1830 உணவகத்தின் திறந்தவெளித் தளம் காசினோ (கியூப பாணிச் சல்சா) ஆடுபவர்களிடையே பெயர் பெற்றது. ஞாயிறு நண்பகலில் கயேஹோன் தெ ஹாமெல் சந்தில் ரும்பா நடக்கும். சால்வதோர் கொன்சாலெஸ் 1990இல் சுவரோவியம் தீட்டத் தொடங்கிய சந்து அது. பார்க்க இலவசம். கேட்காமலே ‘விளக்கம்’ சொல்லிக்கொண்டு கூடவே நடப்பவருக்குக் கடைசியில் கூலி வேண்டியிருக்கும், முதல் வாக்கியத்திலேயே வேண்டாம் என்றுவிடுங்கள். அங்கே போய்ச் சல்சா தேடாதீர்கள். ரும்பா வேறு, தாள வாத்தியங்களும் குரலும் மட்டும்.

பாடம் சொல்லித் தருகிறேன் என்பவர்களிடம்தான் அதிகப் பணம் போகிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர்கள் ஒரு வகை, முன்பணமே கொடுக்காவிட்டால் அந்தக் கதை முடிந்தது. மற்றவர்கள் மணிக்கு இவ்வளவு என்று சொல்லி, முடிந்ததும் ‘அது ஓர் ஆளுக்கு’ என்பார்கள், கூட ஆடிய துணைக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். தலைக்கா ஜோடிக்கா, துணை சேர்த்தா, அறுபது நிமிடமா நாற்பத்தைந்தா என்பதைத் தொடங்கும் முன் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பாடத்தின் தரத்தைக் கால் மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். கியூபாவில் ஆடுவதற்குப் பெயர் காசினோ. 1950களில் ஹவானாவின் காசினோ தெபோர்த்தீவோ கிளப்பில் உருவான பெயர். ஜோடி ஒன்றையொன்று வட்டமாகச் சுற்றும், லாஸ் ஏஞ்சல்ஸ் பாணிபோல ஒரே நேர்கோட்டில் போய் வராது. அதற்கு அடித்தளம் ‘குவாபேயா’ என்ற பின்வாங்கும் அடியும், ‘திலே கெ நோ’ என்ற திருப்பமும்தான். இவற்றைச் சரிசெய்யாமல் முதல் மணியிலேயே ‘செத்தேந்தா’ என்ற கைப்பின்னல் முடிச்சுக்குத் தாவுகிற ஆசிரியர் உங்கள் கைபேசிக் காணொளிக்காகப் பாடம் எடுக்கிறார். இரவில் தளத்தில் அந்த முடிச்சு நடுவில் அவிழ்ந்து நிற்கும்.

மணிக்கூலிக்குத் துணை ஆடுபவரை ஏற்பாடு செய்வது ஏமாற்று இல்லை, அது முறையான வேலை. ஆனால் கூலியோடு அவருடைய நுழைவு, குடிப்பு, டாக்ஸி மூன்றும் உங்கள் செலவு என்பதே வழக்கம். அதை முன்பே சொல்லாமல் விடுபவர்களால்தான் சண்டை வருகிறது.

ஏமாற்று என்று பலர் நினைப்பதில் ஒன்று உண்மையில் பழக்க வேறுபாடு. உங்களோடு ஒரு பாட்டு ஆடிவிட்டு ஒருவர் ‘கிராசியாஸ்’ (நன்றி) சொல்லிப் போய்விட்டால் அது அவமதிப்பு இல்லை. திம்பா என்ற கியூப நடன இசையில் தாளம் திடீரென உடைந்து பாஸ் கிடார் கனக்கும் இடத்தில் பெண் கையை விட்டுத் தனியாக இடுப்பசைத்து ஆடுவாள். அப்போது இழுத்துப் பிடித்துச் சுழற்றாதீர்கள், விடுங்கள், தாளம் மறுபடி சேரும்போது கையை நீட்டுங்கள்.

வராதெரோ கடற்கரை விடுதியில் தங்கிக்கொண்டு ஆட நினைப்பவர்கள்தான் பாவம். நீச்சல்குளத்தருகே பதினைந்து நிமிடப் பாடம் கிடைக்கும், சமூக நடனம் கிடைக்காது. ஹவானா சுமார் 140 கி.மீ. விடுதி மேசையில் விற்கும் ‘ஹவானா இரவு’ பயணம் பெரும்பாலும் காபரே நிகழ்ச்சி, உட்கார்ந்து பார்க்கிற வேலை. வாங்கும் முன் ‘நாங்கள் ஆடத் தளம் உண்டா, எத்தனை மணிக்குத் திரும்பும்’ என்று கேளுங்கள். பேருந்து பன்னிரண்டரைக்குக் கிளம்புகிறது என்றால் ஆட்டம் தொடங்கும்போது நீங்கள் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். அந்தப் பணத்துக்கு ஹவானாவில் இரண்டு இரவு தனி வீட்டில் அறை எடுக்கலாம்.

ஹவானா அலுத்துப்போனால் கியூபாவிலேயே இருக்கும் திரினிதாத் ஊருக்குப் போகலாம். தலைமைத் தேவாலயத்தை ஒட்டிய கல்படிக்கட்டில், திறந்த வானத்தின் கீழ் இரவுதோறும் ஆட்டம். ஊர் முழுக்க உருளைக்கல் தரை, மெல்லிய தோல் அடியுள்ள நடனக் காலணி ஒரே இரவில் கிழியும். சந்தியாகோ தெ கூபா நகரில் ஹெரெதியா தெருவின் இசைக்கூடமான காசா தெ லா த்ரோவா 1968இல் தொடங்கியது, அங்கே சோன் என்ற பழைய கியூப இசைக்கு அடி மெதுவாக, தாளத்துக்கு எதிர்ப்பக்கம் விழும். ஹவானாவைவிட அங்கே கூட்டிப்போகும் ஆட்களின் தொல்லை குறைவு, ஆனால் சதுக்கத்தில் மாலையில் நிற்கும் ‘விழா இன்றைக்குத்தான்’ ஜோடி அங்கேயும் உண்டு.

எந்த ஊரானாலும் கிளம்பும் முன் அந்த இடத்துக்கே தொலைபேசி போட்டு மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 2024 அக்டோபரில் நாடு முழுவதும் இருண்டதிலிருந்து மின்வெட்டு வழக்கமாகிவிட்டது. ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் இசைக்குழு வராது, வாசலில் வாங்கிய தொகையும் திரும்பாது.