கலிஃபோர்னியா மசோதாக்களைத் தேட லெஜ்இன்ஃபோ: எதை நம்பலாம், எங்கே ஏமாறலாம்

கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு ஆண்டுக்கு 2,000-க்கு மேல் மசோதாக்கள் வருகின்றன. ஒவ்வொன்றின் கதியையும் பார்க்க அரசே நடத்தும் இலவசத் தளம் 'கலிஃபோர்னியா லெஜிஸ்லேடிவ் இன்ஃபர்மேஷன்'. பேச்சில் சுருக்கமாக லெஜ்இன்ஃபோ. மசோதாக்களை வரைந்து கொடுக்கும் லெஜிஸ்லேடிவ் கவுன்சல் அலுவலகத்தின் கையில் இருப்பதால் உள்ளே இருப்பதை நம்பலாம். ஆனால் படிக்கும் முறை தெரியாவிட்டால் மசோதாவைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள நேரும்.

உதாரணத்துக்கு எஸ்பி 403-ஐ (எஸ்பி என்றால் 'செனட் பில்', மேலவையில் தொடங்கிய மசோதா) எடுத்துக்கொள்வோம். சாதிப் பாகுபாட்டைத் தடை செய்வதற்காக செனட்டர் ஆயிஷா வஹாப் 2023-இல் முன்னெடுத்த மசோதா. இந்தியர்கள் நடுவே ஆதரவும் எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. அதன் வாசகத்தை முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

தேடும்போதே முதல் சறுக்கல் காத்திருக்கிறது. இரண்டாண்டுக் கூட்டத்தொடர் முடிந்ததும் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 403 என்று மட்டும் அடித்தால் சம்பந்தமே இல்லாத மசோதா வந்து நிற்கலாம். கூட்டத்தொடரை 2023-2024 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தின் முகவரியிலேயே அது தெரியும்: 20232024, அடுத்து வழக்கமான கூட்டத்தொடருக்கான 0, பிறகு மசோதா எண். எண் தெரியாதவர்கள் சட்டப் பிரிவை வைத்தும் தேடலாம். எஸ்பி 403 கை வைத்த கவர்ன்மென்ட் கோட் 12926 போல.

பெரும்பாலோர் தவறாகப் படிப்பது 'டெக்ஸ்ட்' தாவலைத்தான். சிவப்பில் அடித்த வரிகளும் நீலச் சாய்வெழுத்தும் இருக்கும். சிவப்பு நீக்கம், நீலம் சேர்ப்பு. எதோடு ஒப்பிட்டு? அறிமுக வடிவத்தில், நடப்பில் உள்ள சட்டத்தோடு. ஒருமுறை திருத்தப்பட்டுவிட்டால், முந்தைய வடிவத்தோடு. ஆக மூன்றாவது வடிவத்தில் ஒரு வரி அடிபட்டிருந்தால் சட்டத்திலிருந்து எதையோ பிடுங்குகிறார்கள் என்று பொருளில்லை. போன மாதம் சேர்க்க நினைத்ததைக் கைவிட்டார்கள், அவ்வளவுதான். அப்படி அடிபட்ட வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்துவிட்டுக் கொதிப்பவர்கள் உண்டு. சட்டம் கடைசியில் எப்படி மாறும் என்று பார்க்க 'டுடேஸ் லா ஆஸ் அமெண்டட்', இரண்டு வடிவங்களுக்கு நடுவே என்ன மாறியது என்று பார்க்க 'கம்பேர் வெர்ஷன்ஸ்'. எஸ்பி 403-இன் உண்மையான திருப்பம் இந்த இரண்டாவதில்தான் பிடிபடும். மே மாதம் செனட்டைத் தாண்டியபோது சாதி ஒரு தனி வகை. பிறகு கீழவையில் (அசெம்பிளி) திருத்தியபின் அது வம்சாவளி என்ற பழைய வகையின் விளக்கத்துக்குள் போய்விட்டது. மசோதா எண் மட்டும் அதேதான்.

எண் மாறாமல் உள்ளடக்கம் மொத்தமும் மாறுவதும் உண்டு. 'கட் அண்ட் அமெண்ட்' (gut and amend) என்பார்கள். அவை ஆண்டுக் கூட்டத்தை முடிக்கப்போகும் கடைசி நாட்களில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். 2016-இல் வாக்காளர்கள் ஏற்ற ப்ரபோசிஷன் 54-இன்படி இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே இணையத்தில் இருந்தாக வேண்டும் என்பது ஓரளவு ஆறுதல்.

மசோதாவின் தலையில் உள்ள டைஜஸ்டை, அதாவது சுருக்கத்தை, யாரும் தவறவிடக்கூடாது. 'நடப்புச் சட்டம் இது, இந்த மசோதா செய்வது இது' என்று எளிய நடையில் இருக்கும். அதன் அடியில் ஒரு பொடி வரி: வோட், அப்ரோப்ரியேஷன், ஃபிஸ்கல் கமிட்டி, லோக்கல் புரோக்ராம். ஃபிஸ்கல் கமிட்டிக்கு நேரே 'யெஸ்' இருந்தால் மசோதா நிதிக் கமிட்டி வாசலைத் தாண்டியாக வேண்டும். கீழவையில் செலவு 1,50,000 டாலரைத் தாண்டினால் அது பொதுவாக 'சஸ்பென்ஸ் ஃபைல்' என்னும் கட்டுக்குள் போய்விடும். மே மாதமும் ஆகஸ்டிலும் அந்தக் கட்டைப் பிரித்து நூற்றுக்கணக்கான மசோதாக்களின் தலைவிதியை மளமளவென்று வாசித்து முடிப்பார்கள்.

தளம் கைவிடும் இடமும் அதுதான். 'ஹிஸ்டரி' தாவலில் 'ஹெல்ட் இன் கமிட்டி அண்ட் அண்டர் சப்மிஷன்' என்று ஒரே வரி வரும். மசோதா செத்துவிட்டது என்பதற்கு அலுவலக பாஷை அது. ஏன், யார் சொல்லி என்பதற்குப் பதில் கிடையாது.

'வோட்ஸ்' தாவலில் ஆம், இல்லை என்பதோடு மூன்றாவது பட்டியலையும் பாருங்கள்: 'நோ வோட்ஸ் ரெக்கார்டட்'. எஸ்பி 403 செனட்டில் 34-1 என்று நிறைவேறியது. 40 பேர் அவையில் மீதி ஐவர் அந்தப் பட்டியலில். வந்திருப்போரில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும்: செனட்டில் 21, கீழவையில் 41. அதனால் வாய் திறக்காமல் இருப்பதும் கணக்குப்படி எதிர் ஓட்டுதான். தொகுதி மக்களிடம் 'நான் எதிர்க்கவில்லையே' என்று சொல்லிக்கொள்ளவும் வசதி.

இந்தத் தளத்தில் எதை மட்டுமாவது படிப்பது என்றால், 'பில் அனாலிசிஸ்'. கமிட்டி ஊழியர்கள் எழுதும் ஆய்வுக் குறிப்பு. பின்னணி, வாதங்கள், செலவு, கடைசியில் ஆதரிக்கும் எதிர்க்கும் அமைப்புகளின் பட்டியல். ஒவ்வொரு கமிட்டிக்கும் தனிக் குறிப்பு என்பதால் தேதியைப் பார்த்துத் திறக்கவும். பழைய குறிப்பு பழைய வடிவத்தைப் பற்றிப் பேசும்.

பதிவு செய்தால் 'டிராக் பில்' வழியாக மின்னஞ்சல் வரும். கமிட்டி கூடும் நாளை முன்கூட்டியே அறிய அந்தந்த அவையின் டெய்லி ஃபைலையும் (அவை வெளியிடும் நிகழ்ச்சி நிரல்) பார்ப்பது நல்லது. 'கமெண்ட்ஸ் டு ஆதர்' என்ற தாவலையும் நம்பி ஏமாற வேண்டாம். அங்கே எழுதுவது மசோதா கொண்டுவந்தவருக்குப் போகும். அமைப்பின் பெயர் ஆய்வுக் குறிப்பில் ஏற வேண்டுமானால் கமிட்டிக்கு, தனியாக உள்ள கடித போர்ட்டல் வழியே, கெடுவுக்குள் அனுப்ப வேண்டும்.

எஸ்பி 403-ஐ ஆளுநர் நியூசம் 2023 அக்டோபர் 7 அன்று வீட்டோ செய்தார். சாதிப் பாகுபாட்டை நடப்புச் சட்டமே தடுக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். கமிட்டியில் யார் என்ன பேசினார்கள் என்பது லெஜ்இன்ஃபோவில் கிடைக்காது. அதற்கு கால்மேட்டர்ஸ் என்ற செய்தி நிறுவனம் நடத்தும் 'டிஜிட்டல் டெமாக்ரசி' தளத்துக்குப் போகலாம். வீடியோவும் எழுத்து வடிவமும் இருக்கும். வேறு மாநில மசோதாக்களும் வேண்டும் என்பவர்களுக்கு லெஜிஸ்கேன் தோது.